துடுப்பின் விளிம்பில் பிறக்கும் சுழி: எண்ணூர் கழிமுகத்தில் ஒரு நிகழ்வு ஆய்வு

நிகழ்வு

எண்ணூரில் கொசஸ்தலை ஆறு கடலைத் தொடும் இடத்துக்குச் சற்று உள்ளே, காற்று எழும்புவதற்கு முன், தண்ணீர் ஏறக்குறைய அசையாமல் கிடக்கும். அந்த நீரில் கட்டுமரத்துத் துடுப்பை நட்டு ஒரு முறை வலித்தால், பலகையின் இரண்டு விளிம்புகளை ஒட்டியும் ஒவ்வொரு சுழி கிளம்பும். ஒன்று வலமாகச் சுற்றும், மற்றது இடமாகச் சுற்றும். துடுப்பைத் தூக்கிய பிறகும் அவை உடனே அழிவதில்லை. நீர்ப்பரப்பில் இரண்டு சின்னக் குழிகளாக, ஒன்றுக்கொன்று இடைவெளி மாறாமல், மரத்தின் பின்புறமாக விலகிப் போகும்.

இதில் நான் ஆராய எடுத்துக்கொண்டது ஒரே ஒரு வேறுபாட்டை. அதே பலகையை, அதே ஆழத்தில் நட்டு, அதே தூரம்தான் இழுக்கிறோம். ஆனால் வெடுக்கென்று இழுத்தால் பலகையின் முதுகுப் பக்கத்தில் காற்று உள்ளே புகுந்து, 'களக்' என்று சத்தம் வந்து, நுரை கட்டி, பிடிமானம் போய்விடுகிறது. மெதுவாகத் தொடங்கி வேகத்தை ஏற்றிக்கொண்டே போனால் அப்படி ஆவதில்லை. முகத்துவாரக்குப்பத்தில் இருக்கும் என் தாய்மாமன் இதைச் சின்ன வயதிலேயே எனக்குச் சொல்லியிருக்கிறார்: "வெடுக்குன்னு இழுத்தா தண்ணி ஒடஞ்சிடும்டா கண்ணு. மொதல்ல தண்ணி பலகையில ஏறட்டும், அப்பால இழு."

அவர் சொன்னது அனுபவத்தில் சரி. அது ஏன் சரி என்பதைப் பாய்ம இயக்கவியல் (நீர், காற்று போன்றவை ஓடும் விதத்தைப் படிக்கும் இயல்) எவ்வளவு தூரம் விளக்குகிறது என்பதுதான் இந்த ஆய்வு. நீரில் செங்குத்தாக நிற்கும் தட்டையான பலகை, ஓய்விலிருந்து முடுக்கம் பெற்று, தன் முகத்துக்கு நேராக நகர்கிறது. நூறாண்டுக்கும் மேலாக ஆய்வாளர்கள் திரும்பத் திரும்ப வந்து பார்த்த கணக்கு இது. துடுப்பு அதற்கு மிக நெருங்கிய உதாரணம், ஏனென்றால் கட்டுமரத்துத் துடுப்பில் வளைவோ குழிவோ இருக்காது. அது வெறும் பலகை.

இன்றைக்கு அந்தக் கரையில் பெரும்பாலும் இன்ஜின் வைத்த ஃபைபர் படகுகள்தான். துடுப்பு வலிக்கும் கை குறைந்துவிட்டது. இருக்கும்போதே பதிவு செய்துவிட வேண்டும் என்ற ஆசையும் எனக்கு உண்டு.

தொட்டி

கழியில் பார்த்ததை அப்படியே அளக்க முடியாது. அனல்மின் நிலையச் சாம்பலும் சேறும் கலந்த நீரில் இரண்டு விரற்கடைக்குக் கீழே எதுவும் தெரியாது. 2023 டிசம்பர் வெள்ளத்தின்போது எண்ணெய் பரவிய கழி அது. ஆகவே கொளத்தூர் வண்ண மீன் சந்தையில் நாலடி நீளக் கண்ணாடித் தொட்டி ஒன்றை வாங்கிவந்து, திருவொற்றியூரில் வீட்டு மாடியில் வைத்தேன்.

6 செ.மீ. அகலமுள்ள ஸ்டீல் தகடு ஒன்று. விளிம்புகள் கூராகத் தேய்க்கப்பட்டவை. தொட்டியின் மேல் இரண்டு கம்பிகளில் ஓடும் ஒரு சின்ன வண்டியில் அது தொங்குகிறது. தகட்டின் அடிமுனை தொட்டியின் தரையைக் கிட்டத்தட்டத் தொடும்படி வைத்தால், எந்த ஆழத்தில் பார்த்தாலும் ஓட்டம் ஒரே மாதிரி இருக்கும். கணக்குப் போட அது வசதி. வண்டியிலிருந்து ஒரு நூல், தொட்டி ஓரத்தில் கப்பி, அதில் தொங்கும் எடை. எடையை விட்டால் தகடு முதல் சில செ.மீ. வரை ஏறக்குறையச் சீரான முடுக்கத்தில் போகும். எடையைக் கூட்டினால் முடுக்கம் கூடும். திடீர்த் தொடக்கம் வேண்டுமென்றால் நூலைத் தளர்வாக விட்டு, ஏற்கெனவே சுற்றிக்கொண்டிருக்கும் மோட்டாரின் உருளையில் அதை மாட்டிவிடலாம். தளர்வு தீர்ந்ததும் தகடு ஒரே இழுப்பில் முழு வேகத்துக்கு வந்துவிடும்.

விளிம்புகளுக்குச் சாயமாகச் சொட்டு நீலத்தைக் கெட்டியாகத் தடவினேன். மேலிருந்து கைபேசியில் நொடிக்கு 240 படம் எடுக்கும் வேகத்தில் பதிவு. இதை வீட்டில் செய்து பார்க்க நினைப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை: பின்னால் கிளிசரின் சோதனை ஒன்று வருகிறது. அதற்குப் பொட்டாசியம் பெர்மாங்கனேட்டைச் சாயமாகப் பயன்படுத்தவே கூடாது. கிளிசரினோடு சேர்ந்தால் அது தீப்பிடிக்கும்.

தொட்டியில் முதலில் தெரிந்த விஷயம் சுழி அல்ல, கனம். வண்டியும் தகடும் சேர்ந்து 300 கிராம், இழுக்கும் எடை 200 கிராம். தொட்டி காலியாக இருக்கும்போது உராய்வை விட்டுவிட்டால் நொடிக்கு நொடி 3.9 மீட்டர் என்ற கணக்கில் வேகம் ஏற வேண்டும். 20 செ.மீ. ஆழத்துக்கு நீர் ஊற்றியதும் அந்த முடுக்கம் ஏறக்குறையப் பாதியாகக் குறைந்தது. அதுவும் தகடு இன்னும் வேகமே எடுக்காத, நீர் எதிர்த்துப் பிடிக்கும் இழுவிசை என்று சொல்ல எதுவுமே இல்லாத முதல் கணத்தில்.

காரணம், தகடு நகர வேண்டுமென்றால் அதைச் சுற்றியுள்ள நீரும் நகர்ந்து வழிவிட வேண்டும். முகத்துக்கு நேராக நகரும் தட்டைப் பலகைக்கு, அதன் அகலத்தை விட்டமாகக் கொண்ட ஓர் உருளையில் எவ்வளவு நீர் கொள்ளுமோ அவ்வளவு நீரின் நிறை கூடச் சேர்ந்துகொள்கிறது. 6 செ.மீ. அகலம், 20 செ.மீ. ஆழம் என்றால் சுமார் 570 கிராம். 300 கிராம் பொருளை இழுக்கிறோம் என்று நினைத்தால், உண்மையில் இழுப்பது 870 கிராம். இந்தக் கூடுதல் நிறை கணக்கில் பாகுநிலைக்கு, அதாவது நீரின் உள் உராய்வுக்கு, எந்தப் பங்கும் இல்லை. பாகுநிலையே இல்லாத நீரிலும் அது இருக்கும்.

சுழலுக்கு அப்படி அல்ல.

சுழல் எங்கிருந்து வருகிறது

அசையாத நீரில் சுழற்சி கிடையாது. கெல்வின் 1869இல் காட்டியபடி, பாகுநிலையும் வெளியிலிருந்து முறுக்கும் விசையும் இல்லாவிட்டால், சுழற்சி இல்லாத நீரில் சுழற்சி தானாகப் பிறக்காது. அப்படியென்றால் கழியில் கண்ணெதிரே சுழலும் அந்தச் சுழி எங்கிருந்து வந்தது?

பலகையின் தோலிலிருந்து வந்தது. பலகையைத் தொட்டிருக்கும் நீர் பலகையோடு ஒட்டி அதே வேகத்தில் போகிறது. சற்றுத் தள்ளியிருக்கும் நீர் விளிம்பை நோக்கி வழுக்கி ஓடுகிறது. இந்த இரண்டுக்கும் நடுவே ஒரு மெல்லிய படலம். அதற்குள் வேகம் சடாரென்று மாறுகிறது, சுழற்சி முழுவதும் அந்தப் படலத்துக்குள்ளேயே உண்டாகிறது. லுட்விக் பிராண்டல் 1904இல் ஹைடல்பெர்க் நகரில் நடந்த கணிதவியலாளர் மாநாட்டில் இந்த எல்லைப்படலத்தைப் பற்றிப் பேசினார். கையால் சுற்றும் ஒரு நீர்த்தொட்டியில் மினுங்கும் மைக்காத் துகள்களைத் தூவித்தான் அவர் ஓட்டத்தைப் பார்த்தார். விமானம், கப்பல், ரத்தநாளம் வரை இன்றைக்குப் பேசப்படும் பாய்மவியலில் பெரும்பகுதி அந்தச் சிறிய உரையிலிருந்து கிளைத்தது என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்குப் பெருமிதமாக இருக்கும். பெரிய எந்திரம் இல்லை, ஒரு தொட்டியும் கவனமாகப் பார்க்கும் கண்ணும்தான்.

படலம் பலகையின் முகத்தில் இருக்கும்வரை ஒன்றும் தெரியாது. விளிம்புக்கு வரும்போதுதான் சிக்கல். கூரான விளிம்பைச் சுற்றி ஓட வேண்டிய நீர், விளிம்பை நெருங்க நெருங்க வேகம் கூடுகிறது. விளிம்பிலிருந்து உள்ள தூரம் நாலில் ஒரு பங்கானால் வேகம் இரண்டு மடங்காகும். பாகுநிலையே இல்லாத நீராக இருந்தால் நுனியில் வேகம் எல்லையற்றதாகிவிடும். உண்மையான நீரில் அது நடக்காது. விளிம்பைச் சுற்றித் திரும்பியதும் நீர் மறுபடி வேகம் குறைய வேண்டும், அப்போது அழுத்தம் எதிர்த்துத் தள்ளும். ஏற்கெனவே சோர்ந்திருக்கும் படலத்து நீரால் அந்த ஏற்றத்தைக் கடக்க முடியாது. அது விளிம்பிலேயே பலகையை விட்டுப் பிரிந்து, நீருக்குள் ஒரு மெல்லிய தாளாக நீண்டு, தன் சொந்தச் சுழற்சியாலேயே பாய் சுருளுவதுபோலச் சுருண்டுகொள்கிறது. கழியில் நாம் காணும் சுழி அந்தச் சுருள்தான்.

இரண்டு விளிம்புகளிலும் சுழற்சி எதிரெதிர்த் திசையில் உண்டாகிறது, இரண்டையும் கூட்டினால் சுழியம், அதாவது பூஜ்யம். அதனால் கெல்வின் சொன்னதற்கும் பங்கமில்லை. துடுப்பின் அடிமுனையிலும் இதே படலம் பிரிகிறது. ஹெல்ம்ஹோல்ட்ஸ் 1858இல் காட்டியபடி, சுழல் இழை ஒன்று நீருக்கு நடுவே அறுந்து நிற்க முடியாது. ஒன்று வளையமாக மூட வேண்டும், அல்லது ஓர் எல்லையில் போய் முடிய வேண்டும். ஆகவே பரப்பில் தெரியும் இரண்டு குழிகளும் தனித்தனி அல்ல. துடுப்பின் அடியைச் சுற்றி வளைந்த ஒரே அரை வளையத்தின் இரண்டு நுனிகள் அவை. தெளிந்த நீர் உள்ள தொட்டியில் வெயில் நேராக விழும்போது இதைப் பார்க்கலாம். தரையில் இரண்டு கருத்த வட்டங்கள், ஓரத்தில் பளிச்சென்ற விளிம்போடு, ஒன்றாக நகரும். குழிந்த பரப்பு வெயிலை விலக்கி விடுவதால் விழும் நிழல் அது. நடுவில் ஒரு சொட்டு நீலத்தை விட்டால் அடியில் ஓடும் வளைவு முழுதாகத் தெரியும்.

தூரமா, நேரமா

இப்போது முக்கியமான கேள்விக்கு வரலாம். வெடுக்கென்று இழுத்தால் சுழி பெரிதாகுமா?

கரையில் யாரைக் கேட்டாலும் ஆமாம் என்றுதான் சொல்வார்கள். பார்க்கவும் அப்படித்தான் இருக்கும். ஆனால் தொட்டிப் பதிவுகளை வைத்துப் பார்த்தால் விஷயம் வேறு.

குறைந்த எடை கட்டிய பதிவையும் அதிக எடை கட்டிய பதிவையும் எடுத்துக்கொண்டேன். இரண்டிலும் தொடங்கிய கணத்திலிருந்து ஒரே நேரத்தில் உள்ள படங்களை அடுத்தடுத்து வைத்தால் ஒற்றுமையே இல்லை. ஒன்றில் சுழி பட்டாணி அளவு, இன்னொன்றில் எலுமிச்சை அளவு. ஆனால் நேரத்தை விட்டுவிட்டு, தகடு ஒரே தூரம் நகர்ந்திருக்கும் படங்களைத் தேடி ஒன்றின் மேல் ஒன்றாக வைத்தால், சுருள்கள் கிட்டத்தட்டப் பொருந்திவிடுகின்றன. தகடு 1 செ.மீ. நகர்ந்தபோது சுழி எவ்வளவு பெரிது, 2 செ.மீ. நகர்ந்தபோது எவ்வளவு பெரிது என்பதை, எவ்வளவு அவசரமாக நகர்ந்தது என்பது ஏறக்குறையத் தீர்மானிப்பதே இல்லை.

இதற்குக் கணக்கு ரொம்ப அழகானது. விளிம்பருகே ஓட்டத்தின் வேகம் தூரத்தின் வர்க்கமூலத்துக்கு எதிர்விகிதத்தில் குறைகிறது என்று பார்த்தோம். சுழி வளர வளர அதன் மையம் விளிம்பிலிருந்து விலகுகிறது, விலக விலக அதைச் சுமந்துசெல்லும் ஓட்டம் மெலிகிறது. இந்த ஒரே சமன்பாட்டிலிருந்து, சுழியின் அளவு தகடு கடந்த தூரத்தின் மூன்றில் இரண்டு அடுக்காக வளரும் என்று வந்துவிடுகிறது. தூரம் 8 மடங்கானால் சுழி 4 மடங்கு.

நேரக் கணக்கில் சொன்னால்தான் தொடக்கத்தின் விதம் உள்ளே வருகிறது. திடீரென்று முழு வேகம் எடுத்த தகட்டில், நேரம் 8 மடங்கானால் தூரமும் 8 மடங்கு, சுழி 4 மடங்கு. சீராக முடுக்கம் பெறும் தகட்டில், நேரம் 8 மடங்கானால் தூரம் 64 மடங்கு, சுழி 16 மடங்கு. இரண்டு விதிகள் போலத் தோன்றினாலும் அடியில் இருப்பது ஒன்றே. தொடக்க விதம் மாறும்போது விதியின் முன்னால் நிற்கும் மாறிலி கொஞ்சம் மாறும். திடீர்த் தொடக்கப் படங்களைச் சீர்முடுக்கப் படங்களோடு வைத்துப் பார்க்கும்போது அந்தச் சின்ன விலகல் தெரிகிறது. அடுக்கு மாறாது.

சுழியின் வலு வேறு கதை. அது அந்தக் கணத்தில் தகட்டுக்கு உள்ள வேகத்தோடு நேராகச் சேர்ந்து ஏறுகிறது. ஒரே தூரத்தில் ஒரே அளவுள்ள இரண்டு சுழிகளில், வேகமாகப் போன தகட்டின் சுழி வேகமாகச் சுற்றும். அதாவது அளவு தூரத்தைப் பொறுத்தது, வலு வேகத்தைப் பொறுத்தது. இந்த ஆய்வில் எனக்குக் கிடைத்த முக்கியமான பிடி இதுதான். இதைப் பிடித்துக்கொண்டால் மாமா சொன்னது தானாக அவிழ்கிறது.

இந்த விதிகளை நான் கண்டுபிடிக்கவில்லை. பாகுநிலை இல்லாத சுழல் தாள் தனக்குத்தானே ஒத்த வடிவில் (பெரிதானாலும் வடிவம் மாறாமல்) சுருளும் என்பதை காடன் 1931இல் ஆராய்ந்தார். புல்லின் 1978இல் பல வகை முடுக்கங்களுக்கும் அந்தச் சுருள்களைக் கணித்துக் காட்டினார். பியர்ஸ் 1961இல் அசையாத காற்றில் முடுக்கம் பெறும் தகடுகளின் பின்னால் உருவாகும் சுருள்களைப் படமெடுத்தார். தானேதாவும் ஹோன்ஜியும் 1971இலும், புல்லினும் பெரியும் 1980இலும் சோதனை செய்தார்கள். பாகுநிலையையும் சேர்த்து முழுச் சமன்பாட்டையும் கணினியில் தீர்த்து, நகரும் வேகம் நேரத்தின் வெவ்வேறு அடுக்குகளாக ஏறும்போது என்ன ஆகிறது என்பதை லிங் ஷூவும் மோனிகா நிட்ஷேயும் நுணுக்கமாகப் பார்த்தார்கள். சுழியின் மையம் போகும் பாதையும் வலுவும் பாகுநிலை இல்லாத விதிகளை நெருக்கமாகப் பின்பற்றுகின்றன, படலத்தின் தடிமனும் சுழற்சியின் உச்ச அளவும் மட்டும் பாகுநிலை விதிகளின்படி போகின்றன என்பது அவர்களுடைய முடிவு.

எனக்கு வியப்பு தீராத இடம் இது. பாகுநிலை இல்லாவிட்டால் சுழியே பிறக்காது. ஆனால் பிறந்த பிறகு அது எவ்வளவு பெரிதாக வேண்டும் என்பதில் பாகுநிலைக்குச் சொல்வாக்கு அநேகமாக இல்லை. தடிமனைக் கணக்கிட்டால் ஏன் என்று தெரியும். 30 டிகிரி வெப்பத்தில் நீரில் படலம் 0.1 நொடியில் பரவும் தூரம் சுமார் 0.3 மி.மீ. அதே 0.1 நொடியில் சுழி செ.மீ. கணக்கில் வளர்ந்துவிடுகிறது. மெல்லிய படலம் சுழற்சியை ஊட்டிக்கொண்டே இருக்கிறது, வடிவத்தைப் பெரிய ஓட்டம் முடிவு செய்கிறது.

உடையும் தண்ணீர்

இனி துடுப்புக்கு வருவோம். 16 செ.மீ. அகலப் பலகை, நீருக்குள் 40 செ.மீ. இழுக்கும் வேகம் நொடிக்கு 1 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம்.

கூடுதல் நிறை, முடிவில்லாமல் நீண்ட பலகை என்ற கணக்கில் 8 கிலோ வரும். அடிமுனையிலும் மேல்பரப்பிலும் நீருக்கு ஒதுங்க வழி இருப்பதால் 5 கிலோ என்று குறைத்துக்கொள்ளலாம். இந்த 1 மீட்டர் வேகத்தை 0.05 நொடியில் எட்டினால் அந்த 5 கிலோவுக்கு மட்டும் 100 நியூட்டன் வேண்டும். கையில் 10 கிலோ மூட்டை தொங்கும் கனம். அதே வேகத்தை 0.3 நொடியில் எட்டினால் 17 நியூட்டன், இரண்டு கிலோவுக்கும் குறைவு. அதே வேகத்தில் நிதானமாக இழுத்துக்கொண்டே இருக்கும்போது வரும் இழுவிசையே சுமார் 38 நியூட்டன்தான். வெடுக்கென்று இழுப்பவர் மணிக்கட்டில் முதலில் ஓர் அடி வாங்குகிறார், அடுத்த கணம் பலகை இலேசாகிவிட்டதுபோல உணர்கிறார். திடீர்த் தொடக்கத்தில் சுழி உண்டாக்கும் விசையும் இதே பக்கம்தான் சேர்கிறது: அது தொடக்கத்தில் மிக அதிகமாக இருந்து, நேரத்தின் மூன்றில் ஒரு அடுக்குக்கு எதிர்விகிதமாகக் குறைந்துகொண்டே வரும். சீர்முடுக்கத்தில் இதற்கு நேர்மாறு. கனம் மிதமாகத் தொடங்கி ஏறிக்கொண்டே போகும். "தண்ணி பலகையில ஏறட்டும்" என்று மாமா சொல்லும் உணர்வு கையில் அந்த ஏற்றமாகத்தான் தெரிகிறது.

சரி, காற்று ஏன் புகுகிறது? 100 நியூட்டனைப் பலகையின் பரப்பால் வகுத்தால், முன்னுக்கும் பின்னுக்கும் அழுத்த வேறுபாடு சுமார் 1,560 பாஸ்கல். அதில் பாதி முதுகுப் பக்கத்து உறிஞ்சலாக வருகிறது. அந்தப் பாதி, 8 செ.மீ. உயர நீரின் அழுத்தத்துக்குச் சமம். பரப்பை ஒட்டிய நீருக்கு அந்த உறிஞ்சலைத் தாங்கிப் பிடிக்கும் எடை மேலே இல்லை. பலகையின் முதுகில் பரப்பு கீழே இறங்கத் தொடங்கிவிடும். மெதுவான தொடக்கத்தில் இதே கணக்கு 1.3 செ.மீ. தான். பரப்பு லேசாகக் குழியும், அவ்வளவே.

பரப்பு இறங்கினால் மட்டும் 'களக்' சத்தம் வராது. அடுத்த அடியைச் சுழி வைக்கிறது. பலகை 2.5 செ.மீ. நகர்ந்திருக்கும் கணத்தை எடுத்துக்கொள்ளுங்கள். வெடுக்கென்று இழுத்தவரின் பலகை அந்த இடத்தில் நொடிக்கு 1 மீட்டர் வேகத்தை எட்டிவிட்டது. மெதுவாகத் தொடங்கியவரின் பலகை சுமார் 0.4 மீட்டர் வேகத்தில் இருக்கிறது. தூரம் ஒன்று என்பதால் இரண்டு பேருடைய சுழியும் ஏறக்குறைய ஒரே அளவு. ஆனால் வலு கிட்டத்தட்ட 2.5 மடங்கு. சுழியின் நடுவில் உள்ள உறிஞ்சல் வலுவின் வர்க்கமாக ஏறும் என்பதால், 6 மடங்கு. பரப்பிலிருந்து நேராகக் கீழே இறங்கும் இரண்டு சுழிகள், நடுவில் 6 மடங்கு உறிஞ்சல், அவற்றை ஒட்டி ஏற்கெனவே 8 செ.மீ. இறங்கத் துடிக்கும் பரப்பு. காற்று உள்ளே போக இரண்டு குழாய் போட்டுக் கொடுத்த மாதிரி ஆகிவிடுகிறது. காற்று பலகையின் முதுகுக்குப் போய்ச் சேர்ந்ததும் உறிஞ்சல் போய்விடும், பிடிமானத்தில் பெரும்பகுதியும் போய்விடும்.

மெதுவாகத் தொடங்கினால், பலகை முழு வேகத்தை எட்டும்போது சுழி ஏற்கெனவே பெரிதாகி விளிம்பிலிருந்து விலகியிருக்கும். அதே வேகம் அப்போது பெரிய சுழிக்குள் பரவிக் கிடக்கும், நடுவில் அத்தனை ஆழமான உறிஞ்சல் இருக்காது. ஆக, மாமா காக்கச் சொல்வது நேரத்தை அல்ல, தூரத்தை. வேகத்தை ஏற்றுவதற்கு முன் பலகை கொஞ்ச தூரம் நகர்ந்திருக்க வேண்டும். எவ்வளவு என்றால், பலகையின் பாதி அகலம் அளவுக்கு, கிட்டத்தட்ட நாலு விரல். அவருடைய வலிப்பைப் பதிவு செய்து பார்த்தேன். அந்த நாலு விரல் தூரத்துக்குள் அவர் பலகை முழு வேகம் எடுப்பதே இல்லை.

கிளிசரினில்

நீரில் பாகுநிலையின் கை தெரியாத அளவுக்கு எல்லாம் சீக்கிரம் நடந்துவிடுகிறது. அதைக் காண, பாரிமுனையில் வாங்கிய கிளிசரினைச் சின்னத் தொட்டி ஒன்றில் ஊற்றி, சிறிய தகட்டை மெல்ல இழுத்தேன். 30 டிகிரியில் கிளிசரினின் இயக்கப் பாகுநிலை (பாகுநிலையை அடர்த்தியால் வகுத்தது) நீரைப் போல ஏறக்குறைய 600 மடங்கு. படலம் 0.1 நொடியில் 7 மி.மீ. பரவிவிடும்.

இங்கே தூரத்தை வைத்துப் படங்களைப் பொருத்தும் முறை தொடக்கத்தில் பலிக்கவில்லை. பலிக்கவும் கூடாது. சீர்முடுக்கத்தில் முதலில் கொஞ்ச நேரம் சுழியே இல்லை. சாயம் விளிம்பைச் சுற்றி ஒரு தடித்த உறைபோல வளைந்துகொள்கிறது, திரும்பி ஓடுவதில்லை. லுச்சினியும் டோக்னாச்சினியும் 2002இல் நான்கு கட்டங்களாகப் பிரித்துச் சொன்னதில் முதலாவது இது. அப்புறம் விளிம்பருகே ஒரு சுழல் மையம் எழுகிறது. மூன்றாவதாகத் தூரத்தின் மூன்றில் இரண்டு அடுக்கு விதி ஆட்சிக்கு வருகிறது. கடைசியில் சுழி தகட்டின் அகலத்தோடு போட்டி போடும் அளவுக்கு வளர்ந்ததும் அந்த விதியும் தளர்ந்துவிடுகிறது. தூய கிளிசரினில் நான் பார்த்தது முதல் இரண்டு கட்டங்களையே. நீர் கலந்து இளக்க இளக்க மூன்றாவது கட்டம் தெரியத் தொடங்கியது.

முதல் கட்டத்தின் நீளம் தொடக்கத்தின் விதத்தைப் பொறுத்தது. வேகம் நேரத்தின் எந்த அடுக்காக ஏறுகிறதோ, அந்த அடுக்கு சுழியத்தை நெருங்கும்போது, அதாவது தொடக்கம் திடீர் இழுப்பை நெருங்கும்போது, முதல் கட்டத்தின் நீளம் அடுக்கின் கனத்தைப் போல (அடுக்கை மூன்று முறை பெருக்கியதைப் போல) சுருங்குகிறது என்று ஷூவும் நிட்ஷேயும் காட்டியிருக்கிறார்கள். அடுக்கு பாதியானால் அந்தக் கட்டம் எட்டில் ஒரு பங்கு. முற்றிலும் திடீரென்று தொடங்கினால் அது இல்லாமலே போகும்.

சாயத்தைப் பற்றி ஒரு வார்த்தை. சாயச் சுருளின் மையமும் சுழற்சி உச்சமாக இருக்கும் இடமும் ஒன்றல்ல. தொடக்கத்தில் சுழல் மையம் தோன்றி வெகுநேரத்துக்குப் பிறகுதான் சுழற்சிக்கு ஒரு தனி உச்சம் உருவாகிறது, அதுவும் முதலில் ஆடிக்கொண்டே இருக்கும். சாயம் காட்டுவது, விளிம்பைத் தொட்டுப் போன நீர் இப்போது எங்கே இருக்கிறது என்பதை மட்டும். நான் மேலே சுழியின் அளவு என்று சொன்னதெல்லாம் சுழல் மையத்தின் இடத்தை வைத்துத்தான்.

மணலியில் ஆலைகளில் தட்டையான இலை வைத்த கலக்கிகள் கெட்டியான திரவங்களைக் கலக்குகின்றன. மோட்டாரை எடுத்த எடுப்பில் முழு வேகத்தில் போடாமல் படிப்படியாக ஏற்றுவதற்கு மின்சாரக் காரணங்கள் பல உண்டு. கூடவே இலையைச் சுற்றிய கூடுதல் நிறையும் ஒரு காரணம்.

விளிம்பை மழுக்கினால்

குப்பத்துப் பையன் ஒருவன் தொட்டியைப் பார்த்துவிட்டு நல்ல கேள்வி ஒன்று கேட்டான். "அண்ணா, கூரா இருக்கறதாலதான சுழி வருது? ஓரத்த உருட்டிட்டா?" உருட்டிப் பார்த்தோம். ஓரம் உருண்ட தகட்டில் சுழி சற்றுத் தாமதமாகக் கிளம்புகிறது, ஏனென்றால் படலம் எந்த இடத்தில் பிரிய வேண்டும் என்பதைக் கூர் விளிம்பு தீர்மானிப்பதுபோல உருண்ட விளிம்பு தீர்மானிப்பதில்லை. ஆனால் தகடு பாதி அகலத் தூரம் போன பிறகு இரண்டு படங்களுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. ஓரத்தின் உருட்டு தகட்டின் அகலத்தை விட மிகச் சிறியதாக இருக்கும்வரை, பெரிய ஓட்டத்துக்கு அதுவும் கூர் விளிம்பாகவே தெரிகிறது. துடுப்பின் ஓரத்தை உருட்டுவதால் பலகை கையைக் கிழிக்காது, ஓரம் சீக்கிரம் சிதறாது. அதற்காக உருட்டலாம். சுழிக்காக வேண்டாம்.

தூக்கும் கணம்

வலிப்பின் கடைசிப் பகுதியைத் தொட்டியில் சரியாகச் செய்ய முடியவில்லை, ஏனென்றால் வண்டி தகட்டைத் தூக்காது. கழியில் எடுத்த பதிவுகளிலிருந்துதான் சொல்ல முடியும்.

பலகையை நீருக்குள்ளேயே நிறுத்தினால், கூட வந்த 5 கிலோ நீர் நிற்க மறுக்கும். அது பலகையைப் பின்புறமாகத் தள்ளும். வலிப்பவர் பலகையைப் பிடித்துக்கொண்டால் அந்தத் தள்ளல் கை வழியாக மரத்துக்கு வந்து, மரத்தின் ஓட்டத்தைக் குறைக்கும். இளைஞர்கள் வலிக்கும்போது ஒவ்வொரு வலிப்பின் முடிவிலும் மரம் லேசாகத் தயங்குவதைப் பதிவில் பார்க்க முடிகிறது. மாமா பலகையை நிறுத்துவதே இல்லை. வேகம் இருக்கும்போதே மணிக்கட்டைத் திருப்பி, விளிம்பு முன்னால் வரும்படி பலகையை நீரிலிருந்து உருவி எடுத்துவிடுகிறார். அவர் கொடுத்த உந்தம் அரை வளையத்தோடு பின்னால் போய்விடுகிறது, மரம் தயங்காமல் முன்னால் போகிறது.

அப்படி உருவும்போது திருப்பும் கோணமும் வேகமும் எவ்வளவு இருக்க வேண்டும் என்பதை அளக்க, தகட்டைத் திருப்பவும் தூக்கவும் கூடிய ஒரு புதிய வண்டியை ராயபுரத்துப் பட்டறை ஒன்றில் செய்யக் கொடுத்திருக்கிறேன்.